கோவை வீட்டு பிராட்பேண்ட்: ஸ்பீடு எல்லாரும் தர்றாங்க, வீட்டு சர்வரை வெளியிலிருந்து திறக்க எந்த லைன்?

சரவணம்பட்டி_சந்து

வணக்கமுங்க. சரவணம்பட்டியில புது வீட்டுக்கு நெட் போடணும். எங்க வீதியில நாலு வழி இருக்குது: ஜியோ ஃபைபர், ஏர்டெல் ஃபைபர், லோக்கல் பார்ட்னர் மூலமா பிஎஸ்என்எல் ஃபைபர், அப்புறம் கேபிள் டிவிக்காரர் தர்ற ஃபைபர். பட்ஜெட் மாசம் ஆயிரம், ஜிஎஸ்டி தனி.

வீட்டுல 4 டிபி (டெராபைட்) நாஸ் (நெட்வொர்க்ல மாட்டின ஸ்டோரேஜ் பெட்டி) ஒண்ணு, அதுல நெக்ஸ்ட்கிளவுட் (சொந்த கிளவுட் மென்பொருள்). வெளியூர்ல இருக்கும்போது அதைத் திறக்கணும். ஆறு கேமராவோட என்விஆர் (கேமரா ரெக்கார்டர்). ஆபீஸ் சர்வர் ஹைதராபாத் ஏடபிள்யூஎஸ்ல (அமேசான் கிளவுட்), விபிஎன் வழியா. பையன் வாலரன்ட் ஆன்லைன் கேம் ஆடுவான். 100 எம்பிபிஎஸ் போதுங்களா, 300 எடுக்கோணுமா?

ஓஎல்டி_ஓரம்

100-ஆ 300-ஆங்கிறது கடைசிக் கேள்விங்க. உங்க தேவைக்கு முதல் கேள்வி, வெளியிலிருந்து உங்க வீட்டுக்குள்ள வர வழி இருக்கா. ரெண்டாவது, அப்லோடு எவ்வளவு. மூணாவது, கம்பி எந்த வழியா வீட்டுக்கு வருது. இதை மூணையும் கேட்டு முடிச்சுட்டு பிளானைப் பாருங்க.

அப்லோடு கணக்கு மட்டும் இப்பவே சொல்லிடறேன். விளம்பரத்துல பெரிசா போடுறது டவுன்லோடு. உங்களுக்கு நாஸ்லயிருந்து வெளிய போறது எல்லாமே அப்லோடு. 4 டிபி முழுசையும் வேற இடத்துக்கு பேக்கப் எடுக்கணும்னா 100 எம்பிபிஎஸ் அப்லோட்ல நிக்காம ஓடினாலே 89 மணி நேரம். 20 எம்பிபிஎஸ்னா பதினெட்டரை நாள். ஆறு கேமராவையும் எச்.265-ல ஆளுக்கு 2 எம்பிபிஎஸ்னு வெளியிலிருந்து பார்த்தா 12 எம்பிபிஎஸ் அதுக்கே போயிடும். அதனால மேலயும் கீழயும் சமமா தர்ற 100, அப்லோட்ல 30-ல நிக்கிற 300-ஐ விட உங்களுக்கு நல்லது. "அப்லோடும் அதே ஸ்பீடா?"னு வாட்ஸ்அப்ல எழுதிக் கேட்டு பதிலை வெச்சுக்கோங்க.

எஃப்யூபியும் (மாச டேட்டா வரம்பு, தாண்டினா ஸ்பீடு குறையும்) பாருங்க. "அன்லிமிடெட்"னு சொல்ற வீட்டு பிளான் நிறையத்துல மாசம் 3,300 ஜிபி வரம்பு இருக்கும். ஒரு நாளைக்கு 110 ஜிபி, சாதாரணமா தொடவே மாட்டீங்க. ஆனா பேக்கப் ஓடுற முதல் மாசம் தொட்டுடுவீங்க, அப்லோடும் அதுல சேர்த்திதான்.

மதுரை_மூணாவதுஹாப்

அண்ணே, முதல் கேள்வியை நான் எடுத்துக்கிறேன். அதுதான் எல்லாரும் கோட்டை விடுற இடம்.

ஐபிவி4 (பழைய இன்டர்நெட் முகவரி முறை) முகவரி பத்தாததால வீட்டு இணைப்புகளை சிஜிநேட்டுக்குப் பின்னாடி வைக்கிறாங்க. ஒரு பப்ளிக் ஐபியை நிறைய வீடு பகிர்ந்துக்கும். உள்ளேயிருந்து வெளிய போறதுக்கு ஒரு குறையும் தெரியாது. வெளியிலிருந்து உள்ள வரணும்னா கதவே கிடையாது. உங்க ரூட்டர்ல போர்ட் ஃபார்வர்டு எத்தனை போட்டாலும் பாக்கெட் அங்க வந்தாத்தானே திருப்பி விடும்?

சோதிக்கிறது சுலபம். அதே கம்பெனி லைன் வெச்சிருக்கிற பக்கத்து வீட்டுல ரெண்டு நிமிஷம் கேட்டுப் பாருங்க. ரூட்டரோட ஸ்டேட்டஸ் பக்கத்துல வேன் ஐபி (கம்பெனி அந்த ரூட்டருக்குக் கொடுத்த வெளிப்பக்க முகவரி) என்னன்னு பாருங்க. அது 100.64-லயிருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா சிஜிநேட், 2012-ல அதுக்குன்னே ஒதுக்கின வரிசை. 10-ல ஆரம்பிச்சாலும், 172.16 முதல் 172.31 வரை இருந்தாலும் கதை அதேதான். வேற எண் இருந்தா, "என் ஐபி என்ன"ன்னு காட்டுற எந்தத் தளத்துலயாவது ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா பப்ளிக்.

ஒரு விஷயத்துல குழம்பிடாதீங்க. கம்பெனி ஓஎன்டிக்கு (ஃபைபர் வந்து சேர்ற வீட்டுப் பெட்டி) பின்னாடி சொந்த ரூட்டர் போட்டிருந்தா அந்த ரூட்டர் 192.168-னு வேன் ஐபி காட்டும். அது சிஜிநேட் இல்ல, வீட்டுக்குள்ளயே ரெண்டு நேட் (முகவரி மாத்துற வேலை). ஓஎன்டி பக்கத்தைத் திறந்து பார்த்தாத்தான் உண்மை தெரியும்.

கேபிள்காரர்கிட்ட கேக்கும்போது இன்னொரு சிக்கல் இருக்கு. "ஸ்டாட்டிக் ஐபி தர்றோம் சார்"னு சொல்லிட்டு 10.20-ல ஆரம்பிக்கிற ஐபி ஒண்ணைக் கொடுப்பாங்க. மாறாதுங்கிறது உண்மைதான், ஆனா அது பிரைவேட். கேக்க வேண்டியது "பப்ளிக் ஸ்டாட்டிக் ஐபிவி4, எல்லா போர்ட்டும் திறந்திருக்குமா?" 25 (மெயில் போர்ட்) எப்படியும் மூடியிருக்கும், அது பரவாயில்ல. 80, 443 (வெப் போர்ட்) உள்பக்கமா மூடியிருந்தா நெக்ஸ்ட்கிளவுடை 8443-க்கு மாத்துங்க. லெட்ஸ் என்கிரிப்ட் (இலவச எச்டிடிபிஎஸ்) சான்றிதழை டிஎன்எஸ் வழி சரிபார்ப்புல எடுத்தா 80 திறந்திருக்கணும்னே அவசியமில்ல.

ஆறாம்_பதிப்பு

எதுக்கு ஸ்டாட்டிக் ஐபிக்குக் காசு? ஜியோ வீட்டு ஃபைபர்ல ஐபிவி4 சிஜிநேட்டுக்குப் பின்னாடிதான், ஆனா ஐபிவி6 (புது முகவரி முறை) நேரா வருது. நாஸுக்கே உலகம் முழுக்கத் தெரியற முகவரி கிடைச்சுடும். மொபைல் நெட்டும் பெரும்பாலும் ஐபிவி6 தர்றதால, போன்லயிருந்து வீட்டைத் திறக்க இதுவே போதும்.

செய்ய வேண்டியது:

1. ரூட்டர்ல ஐபிவி6-ஐ ஆன் பண்ணிட்டு எவ்வளவு பிரிஃபிக்ஸ் (முகவரியோட முன்பாதி) வருதுன்னு பாருங்க. /56 வந்தா கேமராவைத் தனி நெட்வொர்க்ல பிரிச்சு வைக்கலாம். /64 மட்டும் வந்தா ஒரே நெட்வொர்க்தான்.
2. நாஸ்ல பிரைவசி அட்ரஸை நிறுத்துங்க. முகவரியோட பின் 64 பிட் நிலையா இருக்கணும்.
3. டைனமிக் டிஎன்எஸ்ல (மாறுற ஐபிக்கு நிலையான பேர் தர்ற சேவை) ஐபிவி6 ரெக்கார்டை நாஸே புதுப்பிக்கணும், ரூட்டர் இல்ல. ரூட்டர் புதுப்பிச்சா அதோட முகவரியைத்தான் எழுதும்.
4. ஃபயர்வால்ல 443-ஐ அந்த ஒரு கருவிக்கு மட்டும் திறங்க. லைன் அறுந்து வந்தா பிரிஃபிக்ஸ் மாறும், பழைய விதி செத்துப்போகும். ஓபன்டபிள்யூஆர்டில (ரூட்டருக்கான திறந்த மென்பொருள்) முன்பாதியை விட்டுட்டு பின் 64 பிட்டை மட்டும் பார்க்கிற மாதிரி விதி எழுதலாம். கம்பெனி கொடுக்கிற ரூட்டர் பலதுல இது முடியாது.

மதுரை_மூணாவதுஹாப்

சரிதான் தம்பி, ஆனா போன் மட்டும்தான் உலகமா? ஹோட்டல் வைஃபை, ஆபீஸ் நெட்வொர்க் பலதும் இன்னும் ஐபிவி4 மட்டும்தான். அங்க உட்கார்ந்து நாஸைத் திறந்தா ஒண்ணும் வராது. என்விஆர் ஃபர்ம்வேர்ல ஐபிவி6-னு ஒரு டப்பா இருக்கும், டிக் பண்ணலாம், வேலை செய்யும்னு யாரும் உத்தரவாதம் தர மாட்டாங்க. ஐபிவி6-ஐ வெச்சுக்கோங்க, ஆனா அதை மட்டுமே நம்பி லைன் எடுக்காதீங்க.

சுரங்கப்பாதை

ரெண்டு பேரும் சொன்னதுக்கு நடுவுல ஒரு வழி இருக்கு. எந்த லைனா இருந்தாலும், சிஜிநேட்டா இருந்தாலும் ஓடும்.

சின்ன விபிஎஸ் (வாடகை கிளவுட் சர்வர்) ஒண்ணு இந்தியாவுக்குள்ளயே எடுங்க. லினோடுக்கு சென்னையிலயே டேட்டா சென்டர் இருக்கு, டிஜிட்டல்ஓஷனுக்கு பெங்களூருல. அதுல வயர்கார்டு (விபிஎன் மென்பொருள்) போட்டு, வீட்டுலயிருந்து அதுக்கு டனல். யூடிபி 51820. வீட்டுப்பக்க கான்ஃபிக்ல கீப்அலைவ் (இணைப்பை உயிரோட வைக்கிற சின்ன பாக்கெட்) 25 செகண்ட் கட்டாயம் போடணும். இல்லேன்னா சிஜிநேட் அந்த யூடிபி இணைப்பை மறந்துடும், கொஞ்ச நேரம் கழிச்சு வெளியிலிருந்து கூப்பிட்டா பதில் வராது.

அடுத்து எம்டியூ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு). வயர்கார்டோட இயல்பு 1420, அது 1500 பைட் லைனுக்கான கணக்கு. பிஎஸ்என்எல் மாதிரி பிபிபிஓஇ (யூசர் பேர், பாஸ்வேர்டு போட்டு ஏறுற) லைன்ல 1492தான் கிடைக்கும், அதனால டனலை 1412-ஆ வையுங்க. இதை விட்டா வர்ற கோளாறு விசித்திரமா இருக்கும்: லாகின் பக்கம் வரும், சின்னப் படம் வரும், பெரிய ஃபைல் தொட்டா அப்படியே தொங்கும். லைன்ல 1492 உண்மையிலயே போகுதான்னு பார்க்க 1464 பைட் பிங்கை, துண்டாக்காதேங்கிற ஆப்ஷனோட அனுப்புங்க. 1464-ஓட 28 பைட் தலைப்பு சேர்ந்தா 1492. போகலைன்னா எண்ணைக் குறைச்சுக்கிட்டே வாங்க.

டெயில்ஸ்கேல் (தானா டனல் போட்டுத் தர்ற சேவை) இதைவிட சுலபம், விபிஎஸ்ஸே வேண்டாம். ஆனா அதுவும் 100.64 வரிசையிலயிருந்துதான் முகவரி கொடுக்கும். உங்க ஐஎஸ்பி டிஎன்எஸ் சர்வரும் அதே வரிசையில இருந்தா, லினக்ஸ்ல டெயில்ஸ்கேல் போடுற ஃபயர்வால் விதி அந்தப் பதிலைத் தூக்கி எறிஞ்சுடும். டிஎன்எஸ்ஸை வெளியில உள்ளதுக்கு மாத்தினா சரியாகிடும். கிளவுட்ஃபிளேர் டனல் இலவசம். ஆனா இலவசத் திட்டத்துல ஒரே ரிக்வெஸ்ட்ல 100 எம்பிக்கு மேல அனுப்ப விடாது, உங்க ட்ராஃபிக் அவங்க சர்வர்ல பிரிக்கப்பட்டுத்தான் வீட்டுக்கு வரும். குடும்பப் போட்டோவுக்கு அது சரியாங்கிறதை நீங்க முடிவு பண்ணிக்கோங்க.

என்விஆரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நேரா இன்டர்நெட்டுக்குத் திறக்காதீங்க. 2021-ல ஹைக்விஷன் கருவிகள்ல வெளிவந்த ஓட்டை (சிவிஇ 2021-36260) பாஸ்வேர்டே இல்லாம உள்ள கமாண்ட் ஓட்ட விட்டுச்சு. கேமராவை டனல் வழியா மட்டும் பாருங்க.

சரவணம்பட்டி_சந்து

நல்லா புரியுதுங்க. அப்போ டனல் இருந்தா எந்த லைனும் சரின்னு ஆயிடுதே. கேபிள்காரர் லைன் எடுக்கலாங்களா? ரேட்டு குறைவு, கூப்பிட்டா அரை மணியில ஆள் வந்துடறாரு. பையன் பிங் பிங்னு பாடுறான், அதை எப்படிப் பார்க்கிறது?

மதுரை_மூணாவதுஹாப்

பிங் முதல்ல. ஃபைபர்ல ஒளி நொடிக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர் போகும், அதாவது 100 கிலோமீட்டருக்குப் போக வர 1 மில்லிசெகண்ட். சென்னையிலயிருந்து சிங்கப்பூருக்குப் போற ஐ2ஐ கடல் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். அங்க போய்த் திரும்ப 32 மில்லிசெகண்டுக்குக் கீழ யாராலயும் கொண்டுவர முடியாது, பிளான் எவ்வளவு ரூபாயா இருந்தாலும். மும்பை கேம் சர்வருக்கு கோவையிலயிருந்து 25 முதல் 40-க்குள்ள வந்தா ஆரோக்கியம். 90, 100-னு வந்தா பாக்கெட் ஊர் சுத்திட்டு வருதுன்னு அர்த்தம், பல சமயம் சிங்கப்பூர் போயிட்டு வரும். டிரேஸ்ரூட் (பாக்கெட் போற வழியைக் காட்டுற கட்டளை) போட்டு எந்த ஹாப்ல (வழியில உள்ள ரூட்டர்) எண் திடீர்னு ஏறுதுன்னு பாருங்க. நடுவுல ஒரு ஹாப் மட்டும் ஏறிட்டு அடுத்தது இறங்கினா கவலையில்ல, அந்த ரூட்டர் பிங்குக்கு சோம்பேறித்தனமா பதில் சொல்லுது அவ்வளவுதான். ஏறினது கடைசி வரைக்கும் இறங்காம போனாத்தான் கோளாறு.

ஸ்பீடு டெஸ்டை நம்பாதீங்க. அது தானா தேர்ந்தெடுக்கிற சர்வர் பெரும்பாலும் அந்த ஐஎஸ்பியோட அறைக்குள்ளயே இருக்கும். யூடியூபும் அப்படித்தான், கேஷ் சர்வர் ஐஎஸ்பிகிட்டயே வெச்சிருப்பாங்க. யூடியூப் 4கே பறக்குது, ஆபீஸ் விபிஎன் இழுக்குதுன்னா வெளிவழிப் பாதை ஒல்லியா இருக்குன்னு அர்த்தம். ராத்திரி 8-லயிருந்து 11-க்குள்ள பக்கத்து வீட்டு லைன்ல, வயர் போட்ட லேப்டாப்புல, ஹைதராபாத் ஏடபிள்யூஎஸ் முகவரிக்கு 200 பிங் விடுங்க. சராசரியைப் பார்க்காதீங்க, அதிகபட்சத்தையும் இழப்பையும் பாருங்க. ஒரு சதவீதம் பாக்கெட் போனாலே வீடியோ கால்ல குரல் கரகரக்கும். லோக்கல்காரர் நல்லவரா கெட்டவராங்கிறதை இந்த மூணு மணி நேரம்தான் சொல்லும். பகல்ல எல்லார் லைனும் நல்ல லைன்தான்.

ஏர்ஃபைபர் பக்கம் யாராவது இழுத்தா, கம்பி வராத வீட்டுக்கு அது சரி. ஃபைபர் வாசல்ல இருக்கும்போது கேமுக்கும் சர்வருக்கும் அதை எடுக்காதீங்க. பிங் நிலையா நிக்காது.

கம்பத்துக்காரன்

கம்பி விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வகை இருக்கு சார். ஒண்ணு ஜிபான் (ஒரு ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிக்கிற முறை), நடுவுல கரண்ட் வேண்டாத ஸ்ப்ளிட்டர் மட்டும். இன்னொண்ணு வீதி முனையில டப்பா வெச்சு அதுக்குள்ள ஸ்விட்ச், அதுலயிருந்து வீட்டுக்கு லேன் வயர். ரெண்டாவது வகைன்னா அந்த டப்பாவுக்கு கரண்ட் போனா உங்க வீட்டு இன்வெர்ட்டர் ஓடி ஒரு பிரயோஜனமும் இல்ல. கேபிள்காரர்கிட்ட முதல்ல இதைக் கேளுங்க: "வீதியில ஸ்விட்ச் இருக்கா? அதுக்கு பேட்டரி எத்தனை மணி நேரம்?" பிஎஸ்என்எல் பார்ட்னர்கிட்டயும் ஓஎல்டி (கம்பெனி பக்க ஃபைபர் பெட்டி) எங்க இருக்கு, அங்க ஜெனரேட்டர் இருக்கான்னு கேளுங்க. பல ஊர்ல ஓஎல்டி பார்ட்னரோட சொந்த ரூம்லதான் இருக்கும். போர்டுல யார் பேர் இருந்தாலும் மழைக்காலத்துல உங்க லைனைக் காப்பாத்தப் போறது அந்த ஆள்தான்.

ஜிபான்ல சிக்னல் கணக்கு இது. ஓஎல்டி +3 டிபிஎம் (ஒளியோட பலம்) விடுதுன்னு வெச்சுக்கோங்க. கம்பத்துல ஒரு 1:8 ஸ்ப்ளிட்டர், அடுத்த வீதியில இன்னொரு 1:8. ஒவ்வொண்ணும் பத்தரை டிபி (டெசிபல்) தின்னும், மொத்தம் 21. அஞ்சு கிலோமீட்டர் ஃபைபருக்கு ஒண்ணேகால், கனெக்டருக்கும் ஸ்ப்ளைஸுக்கும் ஒண்ணரை. வீட்டுக்கு வர்றப்போ -21 கிட்ட நிக்கும். ஓஎன்டி -27 வரைக்கும் தாங்கும், -8-க்கு மேல போனாலும் கெடுதல். -15-லயிருந்து -24-க்குள்ள இருந்தா நிம்மதி. -26-னா இன்னிக்கு ஓடும், முதல் மழைக்கு எல்ஓஎஸ் (சிக்னல் இல்லைங்கிற) விளக்கு சிவப்பா கண்ணடிக்கும்.

இன்ஸ்டால் பண்ண வர்றவர்கிட்ட பவர் மீட்டர்ல காட்டச் சொல்லுங்க, போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. கனெக்டர் நிறத்தைப் பாருங்க. பச்சை கனெக்டரோட முனை சாய்வா தேய்ச்சது, நீலம் நேரா. ஓஎன்டி ஓட்டை பச்சையா இருந்தா பச்சைதான் போகணும். அவசரத்துக்கு நீலத்தைச் சொருகினாலும் உள்ள போயிடும், விளக்கும் எரியும், ஆனா சிக்னல் சில டிபி இறங்கி நிக்கும். ஜன்னல் சட்டத்துக்குள்ள ஃபைபரை நெருக்கி மடிச்சா அதுவும் அதே வேலை. கேபிளுக்குச் சொல்லியிருக்கிற அளவைவிட நெருக்கமா வளைக்கக் கூடாது. சுவத்துல ஆணி கிளிப்பை இறுக்கி அடிக்க விடாதீங்க. வெளியில தொங்குற வயர் வீட்டுக்குள்ள நுழையற இடத்துல ஒரு தொங்கல் விட்டா மழைத்தண்ணி உள்ள வழியாது.

ஓஎல்டி_ஓரம்

மேல சொன்னதுல ஒண்ணு சேர்த்துக்கோங்க. ஜிபான் ஒரு போர்ட் மொத்தமே 2.488 ஜிபிபிஎஸ் கீழ, 1.244 மேல. 64 வீட்டுக்குப் பிரிச்சா, எல்லாரும் ஒரே நேரத்துல இழுத்தா ஆளுக்கு 39 கீழ, 19 மேல. நடைமுறையில எல்லாரும் ஒரே நொடியில இழுக்க மாட்டாங்க, அதனாலதான் 300 பிளானும் விக்க முடியுது. உங்க போர்ட்ல எத்தனை வீடுன்னு லோக்கல்காரர் சொல்வார், பெரிய கம்பெனி கஸ்டமர் கேர்ல அந்தக் கேள்வியே புரியாது.

இப்போ 100-ஆ 300-ஆங்கிறதுக்கு வர்றேன். சமமான அப்லோடோட 100 போதும். 300 எடுத்து ஸ்பீடு டெஸ்ட்ல 94-லயே நின்னா லைன்மேனைத் திட்டாதீங்க. அது 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட்டோட உச்சம். விலை குறைஞ்ச ஓஎன்டில போர்ட் அவ்வளவுதான், இல்லேன்னா வயர்ல எட்டுக் கம்பியில நாலு மட்டும் கிரிம்ப் ஆகியிருக்கும். கேட்6 போட்டு எட்டும் தொடுதான்னு டெஸ்டர்ல பாருங்க.

பையன் ஆடும்போது நாஸ் பேக்கப் ஓடினா பிங் ஏறும். ரூட்டர்ல எஸ்கியூஎம் (பாக்கெட் வரிசையை ஒழுங்கு பண்ற வசதி) இருந்தா அப்லோடை லைன் அளவுல 90 சதவீதத்துக்குக் கட்டுங்க. 100-க்கு 90. பத்து எம்பிபிஎஸ் போனா போகுது, வீட்டுல சண்டை இருக்காது.

கம்பத்துக்காரன்

கரண்ட் பத்தி கேக்கலை, ஆனா சொல்லாம விட முடியாது. இன்வெர்ட்டர்ல யூபிஎஸ் மோட், நார்மல் மோட்னு சுவிட்ச் இருக்கும். நார்மல்ல இருந்தா மாறுற நேரத்துல ஓஎன்டி ஆஃப் ஆகி திரும்ப வர ரெண்டு மூணு நிமிஷம். யூபிஎஸ் மோடுக்கு மாத்துங்க. இல்லேன்னா 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்குங்க. அடாப்டர்ல எழுதியிருக்கிற வோல்ட் பொருந்தணும், ஆம்பியர் குறையக் கூடாது. 2600 எம்ஏஎச் செல் மூணு இருந்தா 29 வாட் அவர். ஓஎன்டி 6 வாட், ரூட்டர் 8 வாட்னா, கன்வெர்ட்டர் இழப்பு போக ஒண்ணேமுக்கால் மணி நேரம் வரும். பெட்டியில எட்டு மணி நேரம்னு போட்டிருப்பான், அதைப் படிச்சுட்டு ஓரமா வெச்சுடுங்க.

சரவணம்பட்டி_சந்து

பக்கத்து வீட்டு கேபிள் லைன்ல நேத்து ராத்திரி பார்த்துட்டேனுங்க. ஹைதராபாத்துக்கு சராசரி 24, அதிகபட்சம் 310, இழப்பு 2 சதவீதம். எதிர் வீட்டு பிஎஸ்என்எல்ல சராசரி 27, அதிகபட்சம் 41, இழப்பு இல்ல. அந்த வீட்டு ஓஎன்டி -20.6 காட்டுது. பார்ட்னர் ரூம்ல பேட்டரி இருக்குதாம்.

மதுரை_மூணாவதுஹாப்

முடிஞ்சுபோச்சு, சராசரி மூணு மில்லிசெகண்ட் கூட இருக்கிற பிஎஸ்என்எல்லை எடுங்க. 310 வரைக்கும் துள்ளுற லைன்ல உங்க விபிஎன் நிக்காது. அதுலயும் ஏர்டெல்லயும் தனிக் கட்டணத்துல ஸ்டாட்டிக் ஐபி உண்டு, உங்க பிளானுக்குத் தருவாங்களான்னு எழுத்துல வாங்குங்க. தரலைன்னா சுரங்கப்பாதை சொன்ன வழி. கேபிள்காரர்கிட்ட குறைஞ்ச பிளான் ஒண்ணை ரெண்டாவது லைனா வெச்சுக்கலாம், ஆனா ரெண்டு கம்பியும் ஒரே கம்பத்துல வருதான்னு பாருங்க. லாரி ஒண்ணு இழுத்தா ரெண்டும் சேர்ந்தே போயிடும்.

புகார் கொடுத்தா டாக்கெட் நம்பர் வாங்காம போனை வைக்காதீங்க. அது இருந்தாத்தான் கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட போக முடியும், அதுக்குக் கட்டணம் இல்ல. டிராய் தனி ஆள் புகாரை நேரா எடுக்காது.

சரவணம்பட்டி_சந்து

பார்ட்னர் ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுல (ரூட்டர் வேலை செய்யாம சும்மா கடத்துற முறை) போட்டுத் தர்றேங்கறாரு. என் ஓபன்டபிள்யூஆர்டி ரூட்டர்ல என்ன போடோணும்? அப்புறம் அந்த -20.6 எண்ணை எங்கிருந்து பார்க்கிறதுங்க?

சுரங்கப்பாதை

அவர்கிட்ட மூணு விஷயம் வாங்குங்க: பிபிபிஓஇ யூசர் பேர், பாஸ்வேர்டு, விலேன் எண் (லைனுக்கான நெட்வொர்க் பிரிவு எண்). விலேன் ஊருக்கு ஊர் மாறும், நெட்ல தேடி எடுத்துப் போடாதீங்க. பிரிட்ஜ்ல விலேனை ஓஎன்டியே கழட்டுதா, உங்க ரூட்டர் போடணுமான்னும் கேளுங்க. ரெண்டு பக்கமும் போட்டா லைன் ஏறாது. ஓஎன்டில பழைய பிபிபிஓஇ ப்ரொஃபைல் அப்படியே இருந்தா அது முதல்ல லாகின் ஆகி உங்க ரூட்டரை உள்ள விடாது, அதை அழிக்கச் சொல்லுங்க.

சிக்னல் பார்க்க, ஓஎன்டி பெரும்பாலும் 192.168.1.1-ல உட்கார்ந்திருக்கும். உங்க வீட்டு நெட்வொர்க்கை 192.168.20-க்கு மாத்திடுங்க, இல்லேன்னா ரெண்டும் மோதும். ரூட்டரோட வேன் போர்ட்ல, பிபிபிஓஇ போக இன்னொரு இன்டர்ஃபேஸ் சேர்த்து 192.168.1.5-னு ஸ்டாட்டிக் ஐபி கொடுத்து, அதை வேன் ஃபயர்வால் ஸோன்ல சேருங்க. கேட்வே கட்டத்தைக் காலியா விடணும். அப்புறம் லேப்டாப்புலயிருந்தே ஓஎன்டி பக்கம் திறக்கும். ஆப்டிகல் ஸ்டேட்டஸ்ல ஆர்எக்ஸ் பவர்னு இருக்கிறதுதான் அந்த எண்.